பாய்சன் ஓக் அரிப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

கலிபோர்னியாவில் வேட்டைக்குப் போகிற நம்ம ஆட்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். காட்டுப்பன்றி தேடி மலைப்பக்கம் போனால் சரிவு முழுக்க பாய்சன் ஓக்தான், பட்டாலே அரிப்பும் கொப்புளமும் தருகிற செடி. மூன்று மூன்றாக இருக்கும் இலையைப் பார்த்து ஒதுங்கலாம் என்றால், குளிர்காலத்தில் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது, அந்தக் குச்சியிலும் அரிப்பைக் கிளப்பும் உருஷியால் எண்ணெய் இருக்கிறது. நம்மூர் சேங்கொட்டைக் குடும்பம்தானே, சும்மா விடுமா!

முழுக்கைச் சட்டை, கையுறை, திரும்பியதும் பாத்திரம் கழுவும் சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பது, துணியைத் தனியாகத் துவைப்பது எல்லாம் நடக்கிறது. ஆனாலும் ஓரிரு நாளில் மணிக்கட்டில், கையுறையும் சட்டையும் சேருகிற இடத்தில், கோடு போட்ட மாதிரி கொப்புளம். துப்பாக்கியின் தோல் வார், பூட்ஸ் கயிறு இதையெல்லாம் எதால் துடைக்கிறீர்கள்? தோல் வார் சோப்புத் தண்ணீரில் கெட்டுவிடாதா? அப்புறம் நாய். அதற்கு ஒன்றும் ஆவதில்லை, ரோமத்தில் எண்ணெயை ஒட்டிக்கொண்டு வந்து சோபாவில் ஏறிப் படுக்கிறது. காரில் ஏற்றும் முன்பே துடைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

காலமைன், ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம் போட்டால் ராத்திரி ஓரளவு தூங்க முடிகிறது. முகம், கண் வீங்கினால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது சரி. அந்த அளவுக்குப் போகாதபோது அரிப்பை அடக்க உங்களுக்கு எது கைகொடுத்தது?