மேலே போகும் காற்றுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புக்கான வானிலைப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். காற்று மேலும் கீழும் நகர்வதை எப்படி அளக்கிறார்கள், கணினி மாதிரியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் பாடம். இடிமேகத்துக்குள் மேலே பாயும் காற்றுக்கு ஒரு பெயர், மழையோடு கீழே வருவதற்கு ஒரு பெயர் வேண்டும். 'மேல்காற்று, கீழ்க்காற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

க., திருச்சி

> 'மேல்காற்று, கீழ்க்காற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன்

வேண்டாம் ஐயா. எங்கள் கடற்கரையில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, கீழ்க்காற்று கிழக்கிலிருந்து வருவது. மீனவர் வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் மேகத்துக்குள் மேற்கத்திக் காற்று வீசுகிறது என்றுதான் நினைக்கும். கொண்டல், கோடை, வாடை, தென்றல் நான்கும் திசையை வைத்து வந்த பெயர்கள், நான்கும் தரையோடு போகிறவை. நேர் மேலே போகும் காற்றுக்கு அப்படி ஒரு பெயர் நான் கேட்டதில்லை. 'ஏறுகாற்று, இறங்குகாற்று' என்று வைக்கலாம். ஏறுபொழுது, இறங்குபொழுது என்று சொல்கிறோமே.

சே., தூத்துக்குடி

தம்பிகளுக்கு,

'வளி' இருக்கக் காற்று எதற்கு? 'எழுவளி, விழுவளி' என்று வையுங்கள். புறநானூற்றிலேயே 'வளிதிரிதரு திசை' உண்டு. மேகத்துக்கு 'எழிலி' என்று ஒரு பெயர். எழுவதால்தான் எழிலி! காற்று எழாமல் மேகம் இல்லை என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. நாடகத் திரையைக் குறிக்கும் 'எழினி'யும் இதே வேர்தான் என்பது என் கருத்து. 'எழுவாய்' புரிகிற பிள்ளைக்கு 'எழுவளி' புரியாதா?

ந., மதுரை

> எழுவளி, விழுவளி

எழுவளி அழகாகத்தான் இருக்கிறது ஐயா. விழுவளியில்தான் சிக்கல். 'விழு' என்றால் சிறந்த என்றும் பொருள். விழுப்பொருள் என்னும்போது ஒற்று மிகுந்து காட்டிக்கொடுக்கும். வகரத்துக்கு முன் அதுவும் இல்லை. படிப்பவர் சிறந்த காற்று என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

ம., கோவை

நான் ராடார் தரவோடு வேலை செய்கிறவள். பெயர் வைக்கும் முன் அளவைப் பாருங்கள். இடிமேகத்துக்குள் காற்று நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேலும் ஏறும். பெரிய தாழ்வழுத்தப் பகுதி முழுக்கக் காற்று மேலெழுவதோ நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். வானிலைப் பலூனே நொடிக்கு ஐந்து மீட்டர் போல ஏறும். அதற்குள் இந்தச் சென்டிமீட்டரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? திருப்பதிக்குப் பக்கத்தில் கடங்கி ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர் மேலே அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து எடுக்கிறது. ஆனால் அது ஒரே இடத்துக்குத்தான். மற்ற இடங்களுக்குக் கணக்குதான் வழி: கீழே நாலா பக்கமிருந்தும் காற்று வந்து கூடினால் அது மேலே போயாக வேண்டும். வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்ல முயன்ற ரிச்சர்ட்சனும் 1922இல் இதைச் சமன்பாட்டிலிருந்துதான் எடுத்தார்.

அப்புறம் ஒன்று. உயரத்துக்குப் பதில் அழுத்தத்தை அச்சாக வைக்கும் மாதிரிகளில், மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், மேலே போவது கழித்தல் குறி, கீழே வருவது கூட்டல் குறி. அதனால் இந்த அளவுக்கு 'ஏற்றவேகம்' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ஏறுகாற்றும் இறங்குகாற்றும் புயல்மேகத்துக்கு இருக்கட்டும். அளவுக்குச் 'செங்குத்துத் திசைவேகம்' போதும்.

வா., சென்னை

> செங்குத்துத் திசைவேகம்

எங்கள் பாடநூல்களில் 'நிலைக்குத்து வேகம்'. வேகம் என்றாலே திசையும் சேர்ந்தது, திசை இல்லாததற்குக் 'கதி'. உங்களுக்கோ திசை இல்லாததுதான் வேகம். சூடான காற்று மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுபோவதை நீங்கள் 'வெப்பச்சலனம்' என்பதும் எங்களுக்கு 'மேற்காவுகை'. மேலே காவிச் செல்வது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, சலனத்தில் அது இல்லை. இரண்டு கரைப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமென்றால் இரண்டையும் போடுங்கள்.

இ., யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். பதினொரு மணி வெயிலில் மைதானத்துக்கு மேலே பருந்து ஒன்று சிறகே அடிக்காமல் வட்டம் போட்டு உயரே போய்க்கொண்டிருந்தது. அது எப்படி என்று கேட்டதும் ஒரு பெண், "காத்து தூக்குது சார்" என்றாள். ஏறுகாற்று என்று கரும்பலகையில் எழுதினேன், யாரும் பொருள் கேட்கவில்லை. எழுவளி என்று எழுதியதும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஏறுகாற்று, இறங்குகாற்று என்றே அனுப்புகிறேன். நிலைக்குத்து வேகம் சொல்லடைவில் வரும்.

க., திருச்சி

> இரண்டு பேர் கை தூக்கினார்கள்

கேட்ட இரண்டு பேருக்கும் எழிலியைச் சொன்னீர்களா தம்பி? அதைச் சொல்லியிருந்தால் மறக்க மாட்டார்கள். என் ஓட்டு எழுவளிக்குத்தான். இணையாக 'இழிவளி' வைத்துக்கொள்ளலாம், இழிதல் என்றால் இறங்குதல்.

ந., மதுரை