ஆர்ட்டிஃபாக்ட்: தொல்பொருளா, பிசிறா, திரிபா?

வணக்கம்.

பழைய கணினிகளில் திரைக்குப் படம் அனுப்பும் விஜிஏ வரைகலை அட்டைகளைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். கோளாறால் திரையில் தோன்றும் வேண்டாத தடயங்களை ஆங்கிலத்தில் ஆர்ட்டிஃபாக்ட் என்பார்கள். அதற்கு அகராதியை நம்பி, "நினைவகச் சில்லு கெட்டால் திரையில் தொல்பொருள்கள் தோன்றும்" என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்தபோது எனக்கே சிரிப்பு. அட்டையே தொல்பொருள்தான், அதற்குள் இன்னொன்றா? "பிசிறு" என்று வைத்துக்கொள்ளலாமா?

---

> "பிசிறு" என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. படக் கோப்பின் அளவை அளவுக்கு மீறிக் குறைக்கும்போது விளிம்பு கலைகிறதே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கெடும்போது நடப்பது வேறு.

நான் பழுதுபார்த்த ஓர் அட்டையில் ஆங்கில ஏ எல்லாம் சி ஆகிவிட்டது. டி, எஃப் ஆனது. பி மட்டும் ஒழுங்காக வந்தது. காலியிடம் முழுக்க இரட்டை மேற்கோள் குறி! ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அச்சுப் போலத் தெளிவு, பிசிறே கிடையாது. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும். ஏ-யின் எண் 65, சி-யின் எண் 67. காலியிடம் 32, மேற்கோள் குறி 34. அந்த எண்ணை எழுதும் 0, 1 இலக்கங்கள்தான் பிட்கள்; அவற்றில் இரண்டு என்ற மதிப்புள்ள பிட் எப்போதும் 1 ஆகவே சிக்கிக்கொண்டிருந்தது. பி-யின் எண் 66, அதில் அந்த பிட் ஏற்கெனவே 1 என்பதால் தப்பித்தது.

ஓர் எழுத்து இன்னொன்றாக மாறுவதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆனால் அது திரிதல். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். "திரை விகாரம்" என்றே சொல்லிவிடலாமே?

---

விகாரம் என்றால் படிப்பவர் அசிங்கம் என்று எடுத்துக்கொள்வார். திரையைப் பார்த்தால் அதுவும் சரிதான், என்றாலும் வேண்டாம். "திரிபு" போதும்.

அதிலேயே மூன்று வகை வைக்கலாம். எழுத்துகளை மட்டும் காட்டும் முறையில் (டெக்ஸ்ட் மோட்), நான்கு தளங்களாகப் பிரிந்த விஜிஏ நினைவகத்தின் முதல் தளத்தில் எழுத்தின் எண், இரண்டாவதில் நிறம், மூன்றாவதில் எழுத்துருவின் வடிவம் இருக்கும். ஆக எழுத்துத்திரிபு, நிறத்திரிபு, வடிவத்திரிபு. 64கே × 4 வகைச் சில்லு (ஒவ்வோர் இடத்திலும் 4 பிட் வைப்பது) எட்டு உள்ள அட்டையில், வழக்கமான அமைப்பென்றால், தளத்துக்கு எட்டு பிட், அதாவது இரண்டு சில்லுதான். எந்தத் திரிபு என்று சொன்னாலே எட்டில் இரண்டுக்கு வந்துவிடுகிறோம். எந்த பிட் என்று தெரிந்தால் ஒன்றுக்கு. அப்புறம் அதன் கால்களை வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி எடுத்து, துளைகளில் ஈயத்தை உறிஞ்சிவிட்டு, சாக்கெட் வைத்துப் புதுச் சில்லைச் செருகலாம். சில்லை முழுதாகக் கழற்றப் போனால் அட்டையில் உள்ள செப்புத் தடமும் சேர்ந்து பிய்ந்து வரலாம்.

---

திரிபு எனக்குச் சம்மதம். "நிறத்திரிபு" மட்டும் உறுத்துகிறது, வில்லைகளில் நிறங்கள் பிரிந்து தெரியும் நிறப்பிறழ்ச்சியோடு குழம்பும். "வண்ணத்திரிபு" என்று போடுங்கள்.