சாக்லேட்டில் முக்கியெடுத்த ஸ்ட்ராபெரி: மேலே வெள்ளைப் படலம், அடியில் தண்ணீர். ஏன் இப்படி?

அரைச்சர்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. கேக்கோடு சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரியும் ஒரு தட்டு வைக்கலாம் என்று ஒத்திகை பார்த்தேன். முக்கியெடுத்த கையோடு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் சாக்லேட் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம். பழத்தின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் கோத்திருக்கிறது. கடித்தால் ஓடு முழுசாகக் கழன்று கையோடு வருகிறது, அந்த ஓடும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

செய்தது இதுதான்: பழத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிர்ந்த பழத்தில் சாக்லேட் சட்டென்று பிடிக்கும் என்று எங்கோ படித்த நினைவு. டார்க் சாக்லேட்டைத் துண்டு போட்டு, கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து நன்றாக உருக்கினேன். முக்கி, பட்டர் பேப்பரில் வைத்து, உடனே ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டேன். தெர்மாமீட்டர் கிடையாது. எதை மாற்ற வேண்டும்?

கோகோவெண்ணெய்:

நீங்கள் சொன்னது எல்லாம் ஒரே தொல்லை இல்லை. தண்ணீர் கோப்பதும் ஓடு கழல்வதும் ஈரத்தால். விரலில் ஒட்டுவது சூட்டுக் கணக்கு. வெள்ளைப் படலம் இரண்டில் எதனாலும் வரும். அதை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று உருகி மறைந்தால் அது கொழுப்பு மேலே வந்து பூத்தது. சொரசொரவென்று அப்படியே இருந்தால் சர்க்கரை: ஃபிரிட்ஜ் ஈரத்தில் கரைந்து, காய்ந்ததும் மேலே படிந்துவிட்டது. இரண்டையும் தாராளமாகச் சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

முதலில் சாக்லேட் உறையைத் திருப்பி, என்ன கொழுப்பு போட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். கோகோ பட்டர் என்றால் அசல் சாக்லேட், அதை டெம்பர் செய்தே ஆக வேண்டும், அதாவது உருக்கிய பிறகு கிளறிக்கொண்டே சரியான சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பாமாயிலோ வேறு தாவரக் கொழுப்போ முன்னால் நிற்கிறது என்றால் காம்பவுண்ட். அதற்கு டெம்பரிங் வேண்டாம், உருக்கி முக்கி வைத்தால் தானே உறையும். ருசி ஒரு படி கம்மி, வேலை பாதி.

அடுத்து பழம். ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது, வெளியே இருக்கிற ஈரத்தை மட்டும்தான் விரட்ட முடியும். ஒற்றி எடுத்தால் போதாது. விதைக் குழிகளிலும் பச்சை இலைக்கு அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். உலர்ந்த துணியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அப்புறம் இலையைத் தூக்கி, அடியில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். காம்பைக் கிள்ளவே கிள்ளாதீர்கள், கிள்ளிய இடத்தில் சாறு கசிந்துகொண்டே இருக்கும். அடிபட்ட பழம், கனிந்து குழைந்த பழம் எல்லாம் அன்றைக்கே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியவை.

ஃபிரிட்ஜில் வைத்த பழம்தான் உங்கள் தொல்லையில் பாதி. வெளியே எடுத்ததும் அது வியர்க்கிறது, அந்த வியர்வையின் மேல் சாக்லேட் பிடிப்பதில்லை. இன்னொன்று, சில்லென்ற பழம் பிறகு சூடேறும்போது கொஞ்சம் விரியும். மேலே இருக்கிற ஓட்டுக்கு இடம் போதாமல் விரிசல் விடும். அறைச் சூட்டில் இருக்கும் பழத்தைத்தான் முக்க வேண்டும்.

அரைச்சர்க்கரை:

உறையைப் பார்த்துவிட்டேன், கோகோ பட்டர்தான். படலம் தேய்த்தால் சொரசொரப்பாகவே இருக்கிறது, அப்படியானால் சர்க்கரை. டெம்பரிங் என்றாலே பயமாக இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் முடியுமா?

வெந்நீர்க்கிண்ணம்:

நடுவில் வருகிறேன். எதற்கு டெம்பரிங் எல்லாம்? உருகிய சாக்லேட்டில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் தீர்ந்தது. நான் எப்போதும் அப்படித்தான். மினுமினுப்பாக வரும், முக்கவும் இலகுவாக இருக்கும்.

கோகோவெண்ணெய்:

வெந்நீர்க்கிண்ணம், எண்ணெய் விட்டால் சாக்லேட் இளகும், மினுக்கும், அது சரி. ஆனால் தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் கலந்தால் இரண்டுமே இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே சாப்பிட்டால் தெரியாது. பிறந்தநாள் மேசையில் அரை மணி நேரம் இருந்தால் பிள்ளைகள் கையெல்லாம் சாக்லேட். அவர் கேட்பதே விரலில் ஒட்டாமல் இருக்கத்தானே.

அரைச்சர்க்கரை, முடியும், பயப்படாதீர்கள். கோகோ பட்டர் ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் நமக்கு வேண்டும். பளபளப்பு, உடைக்கும்போது வருகிற 'டக்' எல்லாம் அதனால்தான். அது 34 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும் என்பதால் கையில் தாங்கும், வாயில் கரையும். கடையில் வாங்கிய சாக்லேட் ஏற்கெனவே அந்தப் படிகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நன்றாகச் சூடாக்கியதும் அத்தனையும் கலைந்துவிட்டது. ஆறும்போது கோகோ பட்டர் தன் இஷ்டத்துக்கு உறைந்தது.

சுலபமான வழி: 300 கிராம் எடுத்தால் 100 கிராமைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். மீதி 200 கிராமை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்குங்கள். நறுக்கிய துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அதில் கலையாமல் இருக்கும் படிகங்கள் மீதிக்கு வழிகாட்டும். டார்க் என்றால் 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் முக்கலாம். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30. வெள்ளைக்கு இன்னும் ஒரு டிகிரி கம்மி, உருக்கும்போதும் அதை 45க்கு மேல் விடாதீர்கள், சீக்கிரம் கருகும்.

தெர்மாமீட்டருக்குப் பதில் உங்கள் உதடு. சுத்தமான கரண்டி நுனியில் துளி எடுத்து, கொஞ்சம் காற்றாடவிட்டுக் கீழுதட்டுக்கு அடியில் தொடுங்கள். சூடு என்று தோன்றினால் இன்னும் கிளறுங்கள். இளஞ்சூடும் இல்லாமல் லேசாகக் குளுகுளுவென்று பட்டால் சரியான இடம். அப்புறம் கத்தி நுனியை முக்கி, மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கோடு, திட்டு இல்லாமல் பளபளப்பாக உறைந்திருந்தால் பழத்தை எடுக்கலாம். இன்னும் ஈரமாகவே மின்னினால் இன்னும் கொஞ்சம் நறுக்கிய சாக்லேட் போட்டுக் கிளறுங்கள். அறை 20, 22 டிகிரியில் இருந்தால் இதெல்லாம் சொன்னபடி கேட்கும். புழுக்கமான அறையில் உறைய நேரமாகும். முக்கி வைத்த தட்டைப் பத்து நிமிடம் மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம், ராத்திரி முழுக்க வேண்டாம்.

அரைச்சர்க்கரை:

இன்று செய்து பார்த்தேன். உருக்குவதற்குள்ளேயே கதை முடிந்தது! பாதி உருகி நன்றாக இருந்த சாக்லேட் திடீரென்று திரண்டு, பொறபொறவென்று ஒரே கட்டியாகக் கரண்டியில் சுற்றிக்கொண்டது. தீ அதிகமா?

அடிப்பிடித்தசட்டி:

தீ இல்லை, தண்ணீர். கருகியிருந்தால் வாசனையே சொல்லியிருக்கும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் காய்ந்த சர்க்கரையும் கோகோவும். ஒரு சொட்டு தண்ணீர் போனால் சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மொத்தமும் இறுகிவிடும். அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கிண்ணம் பாத்திரத்தின் வாயை முழுக்க மூடவில்லை என்றால் இடுக்கு வழியாக ஆவி வந்து விளிம்பில் படியும். மரக்கரண்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் சிலிக்கான் கரண்டியோ உலோகக் கரண்டியோ மேல். கிண்ணத்தைத் தூக்கும்போது அடியில் இருக்கும் நீர்த்துளி சரிந்து விழும், தூக்கியதும் துடைத்துவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கவும் வேண்டாம், லேசாகச் சலசலத்தால் போதும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது.

மைக்ரோவேவ் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பாதி பவரில் 20, 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறு, மறுபடி வை. துண்டுகள் உருவம் மாறாமல் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், உள்ளே உருகியிருக்கும். கிளறினால்தான் தெரியும்.

இறுகிய சாக்லேட்டை எறிய வேண்டாம். சூடான பாலோ வெந்நீரோ ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்துக் கிளறுங்கள். முதலில் இன்னும் மோசமாகும், மனம் தளராமல் கிளறினால் இளகி சாஸ் ஆகிவிடும். கேக் மேல் ஊற்றலாம். பழம் முக்க மட்டும் ஆகாது, அது இனி கெட்டியாக உறையாது.

இன்னொரு விஷயம், யாரும் சொல்வதில்லை. முதல் பத்துப் பழம் அழகாக வந்து, போகப்போகச் சாக்லேட் தடித்தால், ஒவ்வொரு பழமும் கொஞ்சம் ஈரத்தைக் கிண்ணத்தில் விட்டுப் போகிறது என்று அர்த்தம். மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் வைக்காமல், சின்னக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முக்குங்கள். கெட்டால் அந்தக் குவளையோடு போகும்.

மதியத்தூக்கம்:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். வாழைப்பழத்தில் செய்யலாமா? வேறு எந்தப் பழம் தோதுப்படும்?

அடிப்பிடித்தசட்டி:

வாழைப்பழம் என்றால் துண்டு போட்டுத் தட்டில் பரப்பி, ஃபிரீசரில் கல்லாக உறையவிட்டு முக்குங்கள். இங்கே வெந்நீர்க்கிண்ணம் சொன்ன தேங்காய் எண்ணெய்தான் சரி: 200 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் இல்லாத ஓடு உறைந்த பழத்தின் மேல் கண்ணாடி போல உடைந்து சிதறும். பழம் சில்லென்று இருப்பதால் ஒரு நிமிடத்துக்குள் உறைந்துவிடும், கொட்டைத்தூள் தூவுவதாக இருந்தால் கையோடு தூவ வேண்டும். ஃபிரீசரிலிருந்து நேரே வாய்க்கு. மேசையில் வைத்தால் வியர்த்துக் கொட்டும்.

ஆரஞ்சுச் சுளை வரும், மேல் தோல் கிழியாமல் பிரித்துச் சில மணி நேரம் காயவிட்டால். திராட்சை காம்போடு. அன்னாசி, தர்பூசணி பக்கமே போகாதீர்கள். உலர்ந்த ஆப்ரிகாட், சர்க்கரைப் பாகில் ஊறிக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை. ஈரத் தொல்லை கிடையாது, நாள்கணக்கில் இருக்கும்.

அரைச்சர்க்கரை:

வந்துவிட்டது! கத்தி நுனி சரியாக உறைந்தது, பழமும் அப்படியே. பளபளப்பு, கையில் ஒட்டவில்லை. மின்விசிறிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரே குறை, ஒவ்வொரு பழத்துக்கும் கீழே தட்டையாகச் சாக்லேட் பரவி ஒரு 'பாதம்' முளைத்திருக்கிறது. அப்புறம், விருந்து மாலையில். முந்தின நாளே செய்து வைக்கலாமா?

கோகோவெண்ணெய்:

முந்தின நாள் வேண்டாம். ஓட்டுக்குள் பழம் நீர் விட்டுக்கொண்டேதான் இருக்கும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும். அன்று காலையில் செய்து, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அறை ரொம்பப் புழுக்கம், ஃபிரிட்ஜை விட்டால் வழியில்லை என்றால், காற்றுப் புகாத டப்பாவில் மெல்லிய தாள் விரித்து அடுக்கி வையுங்கள். வெளியே எடுத்த பிறகு டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். வியர்வை டப்பாவுக்கு வெளியேயே நின்றுவிடும்.

பாதம் முளைப்பது வழித்து எடுக்காததால். முக்கியதும் பழத்தைத் தூக்கிப் பிடித்து இரண்டு உதறு, அப்புறம் அடிப்பக்கத்தைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு இழுப்பு, அதன் பிறகு தாளில் சாய்த்து வைப்பது. அப்படியும் பரவினால், அரை நிமிடம் கழித்துப் பழத்தை மெல்லத் தூக்கி நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். மிச்சம் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

அரைச்சர்க்கரை:

சரி, அப்படியே செய்கிறேன். கிண்ணத்தில் மீந்ததை மறுபடி உருக்கலாம்தானே?

கோகோவெண்ணெய்:

ஈரம் படாமல் இருந்தால் உருக்கலாம், மறுபடி டெம்பர் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பழச்சாறு கலந்து தடித்திருந்தால் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிடுங்கள்.