உயரம் குறைவு என்றால் வியாபாரத்தில் பின்தங்கிவிடுவோமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். என் தம்பிக்கு 28 வயது, உயரம் 5 அடி 1 அங்குலம். பத்து வருடம் செம்பனைக் காட்டில் உழைத்தவன், இப்போது சொந்தமாக லாரி எடுத்துப் பழம் ஏற்றும் குத்தகை கேட்டு அலைகிறான்.

போன வாரம் ஒரு தோட்டத்துக்குப் பேசப் போனான். துணைக்குப் போன கூட்டாளி நல்ல உயரம். அங்கிருந்தவர் விலை முதல் எல்லாவற்றையும் அந்தப் பையனிடமே கேட்டாராம். "அக்கா, என்னைப் பார்க்கவே இல்லை" என்றான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

தேடிப் படித்தேன். ஜட்ஜ், கேபிள் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல், ஓர் அங்குல உயரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 789 அமெரிக்க டாலர் வருமானம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். ஆனால் அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, 16 வயதில் இருந்த உயரம்தான் பிற்காலச் சம்பளத்தோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்கிறது. அப்படியென்றால் சின்ன வயதில் வரும் தன்னம்பிக்கைதானே காரணமாக இருக்கும்? எனக்கு அப்படித்தான் படுகிறது. சரி, இரண்டுமே சம்பளக் கணக்கு. சொந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்துமா?

உயரம் குறைந்தவர்கள் யாராவது குத்தகைத் தொழிலில் இருக்கிறீர்களா? முதல் சந்திப்பில் எப்படிப் பேச்சைத் தொடங்குவீர்கள்? தனியாகப் போவது நல்லதா? அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தோட்டத்துக்குப் போகிறான், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.