ஆடியோ இன்டர்ஃபேசுக்கு ‘ஒலிமுகம்’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிவாங்கியையும் இசைக்கருவியையும் கணினியோடு சேர்க்கும் அந்தச் சிறு பெட்டியைக் கடைக்காரர்கள் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்கிறார்கள். கருவி வாசிப்பவர்களில் பலர் இன்றும் ‘சவுண்ட் கார்டு’ என்கிறார்கள். இதற்கு ‘ஒலி இடைமுகம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து, கலைச்சொற்களைப் பற்றிப் பேசும் நம் குழுவில் வலுத்துவருகிறது. அந்தச் சொல்லின் இலக்கணத்தில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்திப் பார்த்துப் பட்ட பாடு ஒன்று உண்டு.

வீணை வாசிக்கும் என் தங்கை மகள், வீட்டில் பதிவு செய்வதற்கும் கச்சேரிக்கு எடுத்துச் செல்வதற்குமாக ஒரு பெட்டி வாங்கினாள். அவளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ‘சிவப்பு விளக்கு எரிந்தால் இடைமுகத்தில் பெருக்கத்தைக் குறைக்கவும்’ என்பது அதில் ஒரு வரி; பெருக்கம் என்றது ‘கெய்ன்’, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெட்டி எவ்வளவு கூட்டுகிறது என்பது. அவளோ கணினித் திரையில் பதிவு மென்பொருளின் ஒலியளவுப் பட்டையைக் கீழே இழுத்துவிட்டு, ஒரு முழு வர்ணத்தையும் வாசித்து அனுப்பினாள். அழுத்தி மீட்டிய இடமெல்லாம் கரகரத்தது. “மாமா, திரையில எல்லாத்தையும் குறைச்சுட்டேனே, இன்னும் ஏன் உடையுது?” என்று கேட்டாள். ஒலி எண்ணாக மாறும் கட்டத்திலேயே அதன் முகடு வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு மென்பொருளில் எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. அவள் திருக வேண்டியது பெட்டியின் முன்பக்கக் குமிழை. பிழை அவளுடையதன்று. ‘பயனர் இடைமுகம்’ என்று படித்துப் பழகியவளுக்கு இடைமுகம் என்றால் திரைதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தப் பெட்டியைப் பற்றி எழுதினால், ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பஃபருக்கு நாம் வழங்கும் ‘இடையகம்’ அடிக்கடி வரும்; ஒலி தாமதமாக வருவதைச் (லேட்டன்சி) ‘சுணக்கம்’ என்கிறோம். ‘இடைமுகத்தின் இடையகத்தைக் குறைத்தால் சுணக்கம் குறையும்’ என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

‘ஒலிமாற்றி’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மெலிந்த குறிகையை (சிக்னல்) இந்தப் பெட்டி முதலில் பெருக்குகிறது, பிறகு எண்ணாக்குகிறது; கணினியிலிருந்து திரும்பும் எண்களை மீண்டும் மின்னலையாக்கி ஹெட்போனுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்புகிறது. மாற்றுவது இதில் ஒரு பகுதி மட்டுமே. மாற்றும் வேலையை மட்டும் செய்யும் தனிக்கருவிகள் பெரிய பதிவகங்களில் இருப்பதால், அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவைப்பதே முறை. ‘ஒலி இணைப்பி’ என்றால் கம்பிமுனைச் செருகிதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை ‘ஒலிமுகம்’. இதில் ‘முகம்’ மூஞ்சியைக் குறிப்பதன்று. துறைமுகத்திலும் கழிமுகத்திலும் உள்ள முகம், அதாவது வாய், வாயில். தூத்துக்குடித் துறைமுகம் என்று கேட்டு யாரும் கண்ணையும் மூக்கையும் தேடுவதில்லை. கழிமுகத்தில் ஆற்று வெள்ளம் கடலுக்குப் போவதும் ஓதம் ஏறி ஆற்றுக்குள் வருவதும் ஒரே வாய் வழியாக நடப்பது போல, இந்தப் பெட்டி வழியாகவே ஒலி கணினிக்குள் போகவும் செய்கிறது, வெளியே வரவும் செய்கிறது. இருவழிப் போக்கு என்ற பொருளை ‘இடை’ என்னும் முன்னொட்டு இல்லாமலே ‘முகம்’ தாங்கிக்கொள்கிறது.

அடுத்து, ‘போர்ட்டபிள்’ என்பதற்குக் ‘கையடக்க’ என்று குழுவில் சிலர் எழுதியிருந்தார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவரைத் திசைதிருப்பும். உள்ளங்கை அகலமே உள்ள பெட்டிகளிலும் தனி அடாப்டர் கேட்பவை உண்டு. யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே. அதற்குள், கன்டென்சர் வகை ஒலிவாங்கிகள் இரண்டு இயங்கத் தேவையான 48 வோல்ட்டும் கொடுத்து, ஹெட்போனையும் ஓட்டத் தெரிந்த பெட்டியே மேடைக்குத் தோதானது. ஆகவே எடையையும் அளவையும் விட மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு முதன்மை. ‘கணினிமின் ஒலிமுகம்’, ‘தனிமின் ஒலிமுகம்’ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கேள்வி தெளிவாகிவிடும்.

அந்த 48 வோல்ட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேன்டம் பவர்’ என்று பெயர்; அதைப் ‘பேய் மின்சாரம்’ என்று மொழிபெயர்த்ததைப் படித்துச் சிரித்தேன். ‘மறைமின்’ போதும். ஒலி வரும் அதே இரு கம்பிகளிலும் சம அளவில் மறைந்தபடி செல்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். 48 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு: 1966இல் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்கு ஒலிவாங்கிகள் செய்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் வழங்கல் ஏற்கெனவே இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் தங்கை மகளுக்கு இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் அழுத்தமின் (பீசோ) வகை என்றால், ஒலிமுகத்தில் ஏறத்தாழ ஒரு மெகாஓம் மின்மறுப்புள்ள (இம்பீடன்ஸ்) கருவி நுழைவு இருக்க வேண்டும், சில கிலோஓம் மட்டுமே உள்ள ஒலிவாங்கி நுழைவில் செருகினால் மந்தர ஸ்தாயி மெலிந்து தகரம் போல ஒலிக்கும். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) எடுக்கும்போது இடையகம் 1024 மாதிரிகள் என்றால் போக 21.3, வர 21.3 என்று ஏறத்தாழ 43 மில்லிநொடி சுணக்கம். மிருதங்கக்காரரைப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார வைத்து, அவர் ஒலி வந்துசேரக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதையே 64 ஆக்கினால் மூன்று மில்லிநொடிக்குள் வரும். ஒலியை எண்ணாக்கவும் எண்ணை ஒலியாக்கவும் ஆகும் சிறு நேரம் தனி. கணினி அதைத் தாங்காமல் விக்கினால், வீட்டுப் பதிவுக்கு நேர்க்கேட்பைப் போட்டுக்கொள். உன் வீணை கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும்.’

‘நேர்க்கேட்பு’ என்றது டைரக்ட் மானிட்டரிங். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மேடைக்கு இன்னொரு வரி சேர்க்க வேண்டும். நுழைவு, வெளியீடுகளின் எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2 என்பது இரண்டு நுழைவு, இரண்டு வெளியீடு. வீட்டுக்கு அது போதும். ஆனால் அதில் ஹெட்போனுக்கும் அரங்கத்துக்கும் போவது ஒரே ஒலி. கணினியிலிருந்து வரும் தாளத் தட்டொலி, வாசிப்பவர் காதுக்கு மட்டும் போக வேண்டும், அவைக்குக் கேட்கக் கூடாது என்றால் நான்கு வெளியீடு வேண்டும். இதை ‘இரண்டுக்கு இரண்டு ஒலிமுகம்’, ‘நாலுக்கு நாலு ஒலிமுகம்’ என்று சொல்லிப் பார்த்தேன். கடையில் நின்று கேட்பதற்கும் கூச்சமாக இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘கெய்ன்’. ‘பெருக்கம்’ என்று எழுதிவருகிறேன். ஆனால் குமிழுக்கு மேலே அச்சிட்டால் அது மக்கள்தொகைப் பெருக்கம் போல நிற்கிறது. ‘ஏற்றம்’ எனலாமா? ‘ஒலிமுகத்தில் ஏற்றத்தைக் குறை’ என்றால் அவள் சரியான குமிழைத் திருகுவாளா? பதிவகத்தில் வேலை செய்யும் நண்பர்கள் யாரேனும் சொன்னால் நன்று.