10 வாரப் பெண் குட்டி, வாடகை ஃபிளாட்: ஃபாஸ்டர் எடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

பெரம்பூர்_சுதா:

வணக்கம். பெரம்பூர்ல ரெண்டு பெட்ரூம் வாடகை ஃபிளாட், மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. ரெஸ்க்யூ பண்ற ஒருத்தர் ஒரு நாட்டு நாய்க் குட்டியை ஃபாஸ்டருக்கு, அதாவது நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் தற்காலிகமா, வெச்சுக்க முடியுமான்னு கேட்டிருக்கார். பெண் குட்டி, 8-10 வாரம் இருக்கும்ங்கறார், எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு ஊசி போட்டாச்சாம், கார்டு இன்னும் கைக்கு வரலை. கூட இருந்த குட்டி போன வாரம் லூஸ் மோஷன்ல போயிடுச்சு. வீட்ல 6 வயசுப் பையன், மாமியார் இருக்காங்க. வேற நாய், பூனை இல்லை.

கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட எதெல்லாம் பேசிக்கணும்? முதல் ரெண்டு வாரம் எப்படிப் பாத்துக்கணும்? நிரந்தர வீடு தேடுறது யார் வேலை, தப்பான கைக்குப் போகாம எப்படித் தடுக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உண்ணிவேட்டை:

உங்க பதிவுல முக்கியமான வரி "கூட இருந்த குட்டி லூஸ் மோஷன்ல போயிடுச்சு". வேற காரணம் உறுதியாகாத வரைக்கும் அதைப் பார்வோன்னே (குட்டிங்களுக்கு உயிருக்கே ஆபத்தான வயித்துப்போக்கு வைரஸ் நோய்) எடுத்துக்கங்க. வைரஸ் உள்ள போய் அறிகுறி தெரிய பொதுவா 3-7 நாள், சிலதுக்கு 14 நாள் வரை ஆகும். அந்தக் குட்டி கூட கடைசியா இருந்த தேதியைக் கேட்டு, அங்கேருந்து 14 நாள் எண்ணுங்க. அதுவரைக்கும் குட்டி ஒரே ரூம்ல, முடிஞ்சா பாத்ரூம் ஒட்டின ரூம்ல இருக்கட்டும். வீட்ல வேற நாய் இல்லைன்னாலும் இது அவசியம். உங்க செருப்புல ஒட்டி மூணு மாடிப் படியும் இறங்கி கீழ இருக்கிற தெரு நாய்க் குட்டிங்களுக்குப் போயிடும். மண்ணுல அந்த வைரஸ் ஒரு வருஷம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும்.

பினாயில், டெட்டால் ரெண்டும் பார்வோவுக்குப் பத்தாது. முதல்ல சோப்புத் தண்ணியால அழுக்கைச் சுத்தமா எடுங்க, அழுக்கு மேல ஊத்தினா ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் கடைல கிடைக்கிற திரவ ப்ளீச்சை 1 லிட்டர் தண்ணிக்கு 30 மி.லி. கணக்குல கலந்து, தரை 10 நிமிஷம் ஈரமாவே இருக்கிற மாதிரி விட்டு, நல்ல தண்ணியால கழுவி விடுங்க. அன்னன்னைக்குப் புதுசாக் கலக்கணும். டாய்லெட் கழுவுற ஆசிட்டோட மட்டும் சேர்த்துடாதீங்க, விஷ வாயு வரும்.

"ஒரு ஊசி போட்டாச்சு"ங்கறதை நம்பி நிம்மதியா இருக்க முடியாது. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்துல இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தை அது முறியடிச்சிடும். அது எந்த வாரம் குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒரு தரம்னு 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடறாங்க. கார்டுல மருந்து ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூணும் இல்லைன்னா, போடலைன்னே கணக்கு வைங்க. வயசையும் ஒரு தடவை சரிபாருங்க: வாயில எல்லாமே ஊசி மாதிரி பால் பல்லா இருந்தா 3½ மாசத்துக்குக் கீழதான். முன்பல் ரெண்டு அகலமா முளைச்சிருந்தா 4 மாசத்தை நெருங்குதுன்னு அர்த்தம், அப்போ ஊசி அட்டவணையே மாறும்.

தினம் காலைல வெறும் வயித்துல எடை பாத்து எழுதுங்க. கொக்கித் தராசுல துணிப்பையை மாட்டிப் பாத்தா போதும். குட்டின்னா எடை ஏறிக்கிட்டே இருக்கணும். ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கி, மூலைல போய் சுருண்டு படுத்து, வாந்தியும் எடுத்தா மோஷன்ல ரத்தம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த எடைக்கு ஒரே நாள்ல நீர் வத்திடும். அன்னைக்கே மோஷன் சாம்பிளோட டாக்டர்கிட்ட போய் பார்வோ கார்டு டெஸ்ட் கேளுங்க. சமீபத்துல ஊசி போட்டிருந்தா அந்த டெஸ்ட்ல லேசான கோடு வர வாய்ப்பிருக்கு, அதனால ஊசி தேதியையும் சொல்லுங்க. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தனியார் கிளினிக் போனாலும் சரி, குட்டியைத் தரைல விடாதீங்க, கூடைலயே வைங்க. நமக்குப் போடற லூஸ் மோஷன் மாத்திரை, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கையிலகூட எடுக்காதீங்க.

வயித்துப் பூச்சி மருந்து இப்போ 2 வாரத்துக்கு ஒரு தரம், 12 வாரத்துக்கு அப்புறம் 6 மாசம் வரை மாசாமாசம், எடை பாத்துத்தான். உண்ணிக்கு சென்னைல சீசனே கிடையாது, வருஷம் பூரா உண்டு. காது மடல், விரல் இடுக்கு, வால் அடி தினம் தடவிப் பாருங்க. நாய் மேல இருக்கிற உண்ணியை மட்டும் எடுத்துட்டா முடியாது, முட்டை சுவர் விரிசல்லயும் கதவு நிலை இடுக்குலயும் இருக்கும். இந்த வயசுக் குட்டிக்கு அமிட்ராஸ்ங்கற உண்ணி மருந்துக் கரைசல்ல நீங்களா குளிப்பாட்டக் கூடாது. டாக்டர் சொல்ற ஸ்ப்ரேயோ மாத்திரையோ போதும்.

கடைசியா பையன் விஷயம். 14 நாள் தனிமை ரேபிஸுக்குப் பொருந்தாது. அது வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல உள்ளேயே இருக்கும். ரேபிஸ் ஊசி 12 வாரத்துலதான். அதுக்கு முன்னாடி விளையாட்டாப் பல் பட்டு தோல் கிழிஞ்சாலும் ஓடுற தண்ணில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க ஊசி இலவசம். அடிக்கடி ஃபாஸ்டர் பண்றதா இருந்தா வீட்ல எல்லாரும் முன்கூட்டியே போட்டுக்கிற ரேபிஸ் ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

குக்கர்_விசில்:

மேல சொன்ன மருத்துவம் அத்தனையும் சரி. ஆனா அதைப் படிச்சுட்டு நிறைய பேர் குட்டியை 16 வாரம் வரைக்கும் ரூம்லயே அடைச்சு வெச்சிடறாங்க. அதுதான் அடுத்த சிக்கல். குட்டி உலகத்தைப் பயமில்லாமப் பழகிக்கிற காலம் சுமார் 3-லேருந்து 14 வாரம். உங்க குட்டிக்கு அதுல மிச்சம் இருக்கிறது ஒரு மாசம். அப்போ பழகாத சத்தம், மனுஷங்க, இடம் எல்லாம் பெருசானப்புறம் பயமா மாறும். பயந்த நாயைத்தான் எடுத்துட்டுப் போனவங்க திருப்பிக் கொடுப்பாங்க.

14 நாள் முடிஞ்சதும் கால் தரைல படாம தோள் பைல போட்டு வெளிய காட்டுங்க: தண்ணி லாரி, ஆட்டோ ஹாரன், கோயில் மேளம், மழைக்கோட்டு போட்டவர், தாடிக்காரர், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன். வீட்டுக்குள்ள முதல் நாள்லேருந்தே குக்கர் விசில், மிக்ஸி, சிலிண்டர் உருட்டற சத்தம். சத்தம் வர்ற நேரத்துல ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன். தொலைவுல ஆரம்பிச்சு மெல்லக் கிட்ட வாங்க. குட்டி உறைஞ்சு நின்னா, வாலை உள்ள இழுத்துக்கிட்டா, அன்னைக்கு அவ்வளவுதான், நிறுத்திடுங்க. பாதம், காது, வாய் தொட்டுப் பாக்க விடறதும் இப்பவே பழக்கணும்.

சாப்பாடு நாலு வேளை. பப்பி ஃபீடுன்னா பாக்கெட்ல எடைக்குப் போட்டிருக்கிற அளவை நாலாப் பிரிங்க. மாமியார் தயிர் சாதம்தான் கொடுப்பேன்னு நிப்பாங்க, நிச்சயமா நிப்பாங்க. வயித்துக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆனா அதை மட்டுமே கொடுத்தா வளர்ற எலும்புக்குப் புரதமும் கால்சியமும் பத்தாது. சிக்கன், சாதம், பூசணி சேர்த்து வேகவெச்சு எலும்பு எடுத்துக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. மாட்டுப் பால் பல குட்டிக்கு மோஷன் ஆக்கும், அப்புறம் அதைப் பார்வோன்னு பயந்து ஓடுவீங்க. ஃபீடு மாத்தினா 5-7 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா.

மூணாவது மாடிங்கறதால பாத்ரூம் பழக்கம் பால்கனிலதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 10-15 நிமிஷத்துலயும், விளையாடி முடிச்சதும், படுக்கறதுக்கு முன்னாடியும் ஒரே மூலைக்குத் தூக்கிட்டுப் போங்க. பழைய மிதியடியை வைக்காதீங்க. அதுல பழகினா நாளைக்குப் போற வீட்ல வாசல் மிதியடி எல்லாம் டாய்லெட்தான். நியூஸ்பேப்பரும் மண் ட்ரேயும் நல்லது. பால்கனி கம்பி இடைவெளில குட்டித் தலை நுழையும்னா உடம்பும் நுழையும், வலை கட்டுங்க.

ஆறடி_பெல்ட்:

வீடு தேடுறது பத்திச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெஸ்க்யூ பண்றவர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்க வேண்டியது: டாக்டர் செலவு யாருது, எந்த கிளினிக், ராத்திரி அவசரம்னா யார் ஓகே சொல்லணும், எந்தத் தேதி வரைக்கும் உங்ககிட்ட இருக்கும், அந்தத் தேதிக்குள்ள வீடு கிடைக்கலைன்னா அடுத்து யார் வெச்சுப்பாங்க, வர்றவங்களை வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு உண்டா. "பாத்துக்கலாம் மேடம்"னு பதில் வந்தா எடுக்காதீங்க. ஃபாஸ்டருக்குன்னு வாங்கிட்டு வந்த நாய் தங்கிப் போறதுக்கு முக்காவாசிக் காரணம் இந்தப் பேச்சு நடக்காததுதான்.

தேடலை முதல் நாளே ஆரம்பிங்க, ஒப்படைக்கிறதை மட்டும் தள்ளிப் போடுங்க. நாட்டுக் குட்டி, அதுலயும் பெண் குட்டி 4-5 மாசம் தாண்டினா கேட்டு வர்றவங்க சட்டுனு குறைஞ்சிடுவாங்க. ஃபோட்டோ பகல் வெளிச்சத்துல, குட்டியோட கண் மட்டத்துல, சைஸ் தெரிய ஒரு கை பக்கத்துல. கூண்டுக்குள்ள அழற மாதிரி படமும் "காப்பாத்துங்க" வசனமும் போட்டா பரிதாபத்துல நூறு பேர் ஷேர் பண்ணுவாங்க, வீட்டுக்கு வந்து பாக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எழுத வேண்டியது: வயசு, இப்போ எடை, வளர்ந்தா 15-18 கிலோ வரும்ங்கறது, ஊசி தேதிகள், எந்த ஏரியா, கருத்தடை கட்டாயம், அப்புறம் அதோட குறை. "ராத்திரி தனியா விட்டா அரை மணி நேரம் கத்தும்"னு எழுதினா வர்ற நாலு பேர்ல மூணு பேர் விலகுவாங்க. அந்த மூணு பேர்தான் பின்னாடி திருப்பிக் கொடுக்க வர்றவங்க.

ஃபோன்ல ஆமா-இல்லைன்னு முடியற கேள்வி கேக்காதீங்க. "நல்லாப் பாத்துப்பீங்களா"ன்னா யார் இல்லைன்னு சொல்வாங்க? பகல் 11 மணிக்கு வீட்ல யார் இருப்பாங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போனா நாய் எங்க, முன்னாடி நாய் இருந்ததா, அது என்ன ஆச்சு, ராத்திரி எங்க படுக்கும், வேலை பெங்களூருக்கு மாறினா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. "காவலுக்கு வேணும்", "மாடில கட்டி வெச்சுப்போம்", "ஈசிஆர்ல பண்ணை வீடு இருக்கு, வாட்ச்மேன் பாத்துப்பார்", "பாப்பா பர்த்டே சர்ப்ரைஸ்", "இன்னைக்கே வேணும்": இதெல்லாம் அங்கேயே முடிச்சுக்கலாம். ஒரே ஈத்துல ரெண்டு குட்டி கேக்கறவங்க பாசமாத்தான் கேப்பாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மனுஷங்ககிட்ட பழகறது கஷ்டமாயிடும்.

ஒப்படைக்கிறது அவங்க வீட்லதான், சிக்னல்லயோ மெட்ரோ வாசல்லயோ இல்லை. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் உயரம், கேட் அடி இடைவெளி, பாட்டியோட முகம் மூணையும் பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதம் எழுத்துல. ஒப்பந்தத் தாள்ல 6-7 மாசத்துல கருத்தடை, வேற யாருக்கும் கைமாத்தக் கூடாது, முடியலைன்னா உங்ககிட்டயே திருப்பணும், இந்த மூணும் இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போக அந்தத் தாள் பெருசா உதவாது. படிச்சுக் கையெழுத்துப் போடத் தயங்கறவங்களை அது காட்டிக் கொடுக்கும், அதான் பிரயோஜனம். சிலர் கருத்தடைக்கு முன்பணம் வாங்கி, முடிஞ்சதும் திருப்பித் தர்றாங்க. நல்ல முறை.

மாநகராட்சி உரிமம் ஆன்லைன்ல எடுக்கலாம். ரேபிஸ் சான்றும் மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில வைக்கிற அடையாளச் சிப்) வேணும். சிப் எண் 15 இலக்கம், அது எடுத்துக்கறவங்க பேர்லதான் பதியணும்.

பெரம்பூர்_சுதா:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஓனர்கிட்ட "ரெண்டு மாசம்தான்"னு வாயால சொன்னா போதுமா? எடுத்துக்கறவங்க ரெண்டே வாரத்துல வேண்டாம்னா?

ஆறடி_பெல்ட்:

வாயால சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கிற வரைக்கும்தான் நிக்கும். தேதி போட்டு ஒரு மெசேஜ் அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கிக்கங்க. செல்லப்பிராணி வளர்க்கறதையே ஃபிளாட் அசோசியேஷன் தடை பண்ண முடியாதுன்னு விலங்குகள் நல வாரியத்தோட 2015 வழிகாட்டுதல் இருக்கு. அது அசோசியேஷனுக்குத்தான் பதில். வாடகை ஒப்பந்தத்துல நாய் கூடாதுன்னு தனியா எழுதியிருந்தா அந்தச் சண்டை வேற.

ரெண்டு வாரத்துல திரும்பி வர்றது பெரும்பாலும் மூணு காரணத்துக்கு: ராத்திரி அழுகை, கடி, வீடெல்லாம் ஒண்ணுக்கு. மூணும் அந்த வயசுக்கு இயல்பு, முன்கூட்டியே சொல்லிட்டா பாதி பேர் தாங்கிடுவாங்க. முதல் ராத்திரி, 3-ம் நாள், 7-ம் நாள், 3-வது வாரம் நீங்களா ஃபோன் பண்ணுங்க. "எப்படி இருக்கு"ன்னா "சூப்பர்"னுதான் வரும். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு எழுப்பிச்சு"ன்னு கேளுங்க, நிஜம் வெளிய வரும். அப்புறம் 6-8 மாசத்துல ஒரு தடவை. கடிச்சுக் குதறுறதும் முதல் ஹீட்டும் (இனச்சேர்க்கைப் பருவம்) வர்ற நேரம், கருத்தடையைத் தள்ளிப் போடறவங்களும் அப்போதான் மாட்டுவாங்க.

குக்கர்_விசில்:

ஒண்ணு சேர்த்துக்கங்க. ஒப்படைக்கும்போது 7 நாளுக்கு அதே ஃபீடு, துவைக்காத படுக்கைத் துணி, ஊசி கார்டு, அடுத்த பூச்சி மருந்து தேதி நாலும் கையோட போகட்டும். சனிக்கிழமை காலைல கொடுங்க, அவங்களுக்கு ரெண்டு நாள் லீவு இருக்கும். தீபாவளிக்கு முந்தின 10 நாள் யாருக்கும் கொடுக்காதீங்க. புது வீட்லேருந்து வெடிச் சத்தத்துக்கு ஓடின குட்டிக்குத் திரும்பி வர வழி தெரியாது. முதல் மாசம் வெளிய கூட்டிட்டுப் போறப்போ காலர்ல ஒரு பெல்ட், ஹார்னஸ்ல (மார்பைச் சுத்தி மாட்டற பட்டை) ஒரு பெல்ட், ரெண்டும் மாட்டணும்னு சொல்லிடுங்க.

அப்படியும் ஓடினா துரத்தக் கூடாது, பேர் சொல்லிக் கூட்டமாக் கத்தவும் கூடாது. கடைசியாப் பாத்த இடத்துல அந்தப் படுக்கைத் துணியும் சாப்பாடும் வெச்சுட்டுத் தள்ளி உக்காரணும். தேடறதுக்கு நல்ல நேரம் விடியக்காலை 4-6. ஆவின் பூத், டீக்கடை, இஸ்திரி வண்டி, கூர்க்கா எல்லார்கிட்டயும் ஃபோட்டோ, ஃபோன் நம்பரோட.