பர்கூர் பக்கம் குவாரி கல்லுல இலை மாதிரி அச்சு, இது ஃபாசிலா? நம்ம ஊர்ல டைனோசர் எலும்பு கிடைக்குமா?

பர்கூர்மாந்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கங்க. எங்க வீட்டுக்கு பின்னாடி பழைய குவாரில உடைச்சு போட்ட கல்லு குவிஞ்சு கெடக்கு, அதுல பலகை மாதிரி பிளந்த ஒரு கல்லுல கறுப்பா இலை அச்சு மாதிரி இருக்கு, கிளை கிளையா பிரிஞ்சு அவ்ளோ நுணுக்கமா. ஏழாவது படிக்கற எம்பையன் அத பாத்ததுலருந்து இது ஃபாசில்தான், இங்க தோண்டினா டைனோசர் எலும்பு வரும்னு கடப்பாரைய தூக்கிட்டு கெளம்பறான். உண்மையா இருக்குமாங்க? அப்புறம் அவன் கேக்க சொன்னது, டி-ரெக்ஸ் பத்தி எல்லாம் படிச்சிட்டானாம், அதவிட விசித்திரமா பயங்கரமா என்ன இருந்துச்சுன்னு.

பாறைக்காரன்:
அண்ணா, அது ஃபாசில் இல்லைங்க, டென்ட்ரைட். கல்லு விரிசல்ல தண்ணி ஊறி எறங்கறப்ப அதுல கரைஞ்ச மாங்கனீசும் இரும்பும் படிஞ்சு இப்டி கிளை விட்டு பரவும். ஒரு லென்ஸ் வச்சு பையனையே பாக்க சொல்லுங்க, நெஜ இலைன்னா நடு நரம்பு தெரியும், இதுல இருக்காது, பாதிக்கு மேல விரிசல் ஓரத்துலருந்து ஆரம்பிச்சு உள்ள பரவிருக்கும்.

டைனோசர் எலும்புக்கு நம்ம பூமி ஒத்துவராது. தர்மபுரி கிருஷ்ணகிரி முக்காவாசி நைஸ், கிரானைட்டு, சார்னோகைட்டுங்கற கெட்டி பாறைங்கதான், பெரும்பாலும் 250 கோடி வருஷ பழசு. டைனோசர் வந்ததே சுமார் 23 கோடி வருஷம் முன்னாடி. நம்ம கல்லு உருவானப்போ எலும்புள்ள ஜீவன்னு ஒன்னுகூட கெடையாது, வெறும் நுண்ணுயிர்தான். அதுவும் இந்த கல்லெல்லாம் பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருவானது, எலும்பு மிஞ்சணும்னா சேறோ மணலோ சுண்ணாம்போ படிஞ்சு இறுகின கல்லு வேணும். பையன் கடப்பாரைய வேற ஊருக்கு எடுத்துட்டு போகணும்.

எலும்புப்பித்தன்:
விசித்திரம்னா என் ஓட்டு ஹெலிகோப்ரியனுக்குதான். சுறாவுக்கு சொந்தக்கார மீன், சுமார் 27 கோடி வருஷம் முன்னாடி கடல்ல இருந்துச்சு. இந்த மீன்களுக்கு எலும்பெல்லாம் குருத்தெலும்புங்கறதால மக்கிடும், பெரும்பாலும் கிடைச்சது பல்லுதான், அதுவும் சுருளா சுத்தி நூத்துக்கும் மேல பல்லு, பாத்தா நம்ம ஊர் கிரானைட் பட்டறைல கல்லு அறுக்கற வட்ட ரம்பம் மாதிரியே இருக்கும். 1899ல ரஷ்யாவுல கார்பின்ஸ்கிங்கற புவியியலாளர் இத விவரிச்சு பேர் வச்சார், ஆனா இது உடம்புல எங்க இருந்துச்சுன்னு யாருக்கும் புரியல, ஒருத்தர் மூக்கு மேல வச்சு வரைஞ்சார், இன்னொருத்தர் முதுகுல, இன்னொருத்தர் வாலுல. 2013லதான் அமெரிக்கால ஒரு ஃபாசில சிடி ஸ்கேன் பண்ணி அது கீழ்த்தாடைலதான் இருந்துச்சுன்னு தெளிவா காட்டினாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஒரு மிருகத்தோட பல்ல கைல வச்சிட்டு வாய் எங்கன்னு தேடிருக்காங்க, எனக்கு இதுதான் இந்த சயின்ஸ்ல ரொம்ப பிடிச்ச விஷயம்.

டெய்னோகைரஸ்ங்கற டைனோசரும் அப்டித்தான். 1965ல மங்கோலியா கோபி பாலைவனத்துல 2.4 மீட்டர் நீளத்துக்கு ரெண்டு கை, பெரிய பெரிய நகத்தோட கிடைச்சுது, மிச்சம் ஒன்னு ரெண்டு துண்டுதான். எவ்ளோ கொடூரமான மிருகமோன்னு நெனச்சாங்க. 2014ல மிச்ச எலும்பும் சேந்தப்போ பாத்தா முதுகுல திமிலு, வாத்து மூக்கு, 11 மீட்டர் நீளம், வயித்துக்குள்ள ஆயிரத்துக்கும் மேல கூழாங்கல்லும் மீன் மிச்சமும். செடி கொடி மீன்னு கிடைச்சத தின்ன ஜீவன்.

காவேரிக்கரை:
பையன கண்டிப்பா அரியலூர் பெரம்பலூர் கூட்டிட்டு போங்க, சேலம் ஆத்தூர் வழியா போயிடலாம். சாத்தனூர்ல கல்லா மாறின மரம் 18 மீட்டர் நீளத்துக்கு படுத்து கெடக்கு, சுமார் 12 கோடி வருஷ பழசு, 1940ல புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளில கொண்டு வந்தது. (நம்ம பக்கத்து சாத்தனூர் டேம் இல்லைங்க, இது பெரம்பலூர் மாவட்டம், மேப்ல பாத்து போடுங்க.) வாரணவாசில ஃபாசில் மியூசியமும் இருக்கு.

அரியலூர் கல்லமேட்டுல கிடைச்ச புருகத்காயோசரஸ்ங்கற டைனோசர தேடி பாருங்க. 1987ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு ஆய்வாளருங்க அத பத்தி எழுதினாங்க, முழங்காலுக்கு கீழ இருக்கற ஒரு எலும்பே 2 மீட்டர். மொதல்ல மாமிசம் தின்னற வகைன்னு நெனச்சாங்க, அப்புறம் நீள கழுத்து சாக பட்சிணின்னு மாத்திட்டாங்க. ஆனா எலும்பு ரொம்ப நைஞ்சு போயிருந்ததால பொடிஞ்சே போயிடுச்சு, இப்ப படமும் எழுத்தும்தான் மிச்சம். எனக்கு இத நெனச்சாலே வயிறு எரியுது.

பர்கூர்மாந்தோப்பு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். லென்ஸ்ல பாத்தோம், நரம்பு இல்ல. கொஞ்சம் மூஞ்சி சுண்டிச்சு, ஆனா ரம்ப பல்லு மீன படிச்சதும் நோட்டுல வரைய உக்காந்துட்டான். பாம்பு ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறான்.

எலும்புப்பித்தன்:
வாசுகி இண்டிகஸ்! குஜராத் கச்சுல பனந்த்ரோ நிலக்கரி சுரங்கத்துல 27 முதுகெலும்பு துண்டு கிடைச்சுது, சுமார் 4.7 கோடி வருஷம், நீளம் 11லருந்து 15 மீட்டர் இருக்கும்னு ஐஐடி ரூர்க்கிகாரங்க 2024ல கணக்கு போட்டாங்க. மெதுவா ஊர்ந்து, பதுங்கி இருந்து, இரைய சுத்தி நெறிச்சு கொல்ற வகைன்னு சொல்றாங்க.

காவேரிக்கரை:
அரியலூர் போறப்போ காரைங்கற ஊர் பக்கமும் எறங்கி பாருங்க, செம்மண் மேட்டுல பெலம்னைட்டு (கணவாய் மாதிரி பழைய கடல் ஜீவனோட ஃபாசில்) துண்டு பென்சில் முனை கணக்கா தரைலயே கெடக்கும். பையன தொட்டு பாக்க விடுங்க, போட்டோ எடுங்க, பாக்கெட்ல மட்டும் போட வேணாம்னு சொல்லிடுங்க, ஆளுக்கு ஒன்னுன்னு எடுத்துட்டு போயே அந்த இடம் பாதி காலியாயிடுச்சு.